கதவைத் தட்ட ஓர் ஆள்: தொலைவிலிருந்து நண்பனைத் தாங்குவது

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு 11.45 மணிக்கு நண்பனிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "எல்லாத்துக்கும் தேங்க்ஸ் மச்சான். அம்மாவ அப்பப்ப போய்ப் பாத்துக்க." நான் பெங்களூரில் இருந்தேன். அவன் திருப்பூரில், பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலை, தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். நான்காவது தடவை துண்டித்துவிட்டான். அப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.

பத்து வருஷம் பழகியவனைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. அறை எந்தத் தெருவில்? வீட்டு ஓனர் யார்? பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள்? தெரியாது. அவன் அண்ணன் நம்பர்கூட என்னிடம் இல்லை. எங்கள் சாட்டையே மேலே மேலே தள்ளிக்கொண்டு போனதில், அவன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையின் படம் சிக்கியது. கீழே, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரிக்கு அடியில், பெரியப்பா பெயரும் ஒரு செல் நம்பரும். தேனிப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெரியப்பாவை எழுப்பி, அவர் மூலம் அண்ணனைப் பிடித்து, அண்ணன் மூலம் அதே காம்பவுண்டில் குடியிருக்கும் ஓர் அக்காவைப் பிடித்தோம். 12.30 மணிக்கு அந்த அக்கா போய்க் கதவைத் தட்டினார். "தம்பி, கதவத் தொற. டீ போட்டிருக்கேன், வந்து குடி." அவ்வளவுதான் சொன்னாராம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது.

செய்தி வந்ததற்கும் கதவு தட்டப்பட்டதற்கும் நடுவில் 45 நிமிஷம். அந்த 45 நிமிஷத்தை எப்படிக் குறைப்பது என்று அதன் பிறகு நிறையப் படித்தேன், மனநலத் துறையில் வேலை செய்பவர்களிடம் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவில் 2022-ல் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அதில் 19,834 பேர் தமிழ்நாட்டில். நாளுக்கு 54 பேர். இவர்களில் எத்தனையோ பேருக்கு எங்கோ ஓர் ஊரில் ஒரு நண்பன் இருந்திருப்பான். படிப்பு ஓர் ஊர், வேலை இன்னோர் ஊர், வீடு வேறோர் ஊர் என்று ஆகிவிட்ட வாழ்க்கையில், நம்மை நன்றாகத் தெரிந்தவர் பெரும்பாலும் நம் பக்கத்தில் இருப்பதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு நம்மைத் தெரிவதில்லை. நெருக்கடி நேரத்தில் இந்த இரண்டு பேரையும் ஒருவரோடு ஒருவர் இணைக்க வேண்டியிருக்கிறது.

நெருக்கடி என்பது என்ன என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சாக நினைப்பவர் தீர்க்கமாக முடிவு எடுத்துவிட்டார், இனி யார் என்ன செய்தும் பயனில்லை என்று நம்மில் பலர் நம்புகிறோம். உண்மை அப்படி இல்லை. சாக வேண்டும் என்ற நினைப்பும், இந்த வலி மட்டும் நின்றால் போதும், இருந்துவிடலாம் என்ற நினைப்பும் ஒரே மனசுக்குள் ஒரே நேரத்தில் இருக்கின்றன. அந்த நினைப்பின் உச்சம் அலை மாதிரி ஏறி இறங்குகிறது. பலருக்கு அது சில நிமிஷங்கள், அதிகம் போனால் சில மணி நேரம். அந்த நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால், கைக்கு எட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் எதுவும் இல்லாவிட்டால், அலை தணிவதற்கு வாய்ப்பு கிடைக்கிறது.

இதற்கு உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்வது இலங்கையை. 1995-ல் அங்கே லட்சம் பேருக்கு 47 என்ற அளவில் தற்கொலைகள் நடந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் அது சுமார் 70 சதவீதம் குறைந்தது. போர் 2009 வரை நடந்துகொண்டுதான் இருந்தது, வறுமையும் தீர்ந்துவிடவில்லை. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்ததுதான் முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பகுதியிலும், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு, விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்து பார்த்தது. எடுப்பதற்கு நாலு தெரு நடக்க வேண்டும் என்றாலே அந்த நடைக்குள் மனசு மாற இடம் இருக்கிறது. தொலைவில் இருக்கும் நண்பன் இதில் செய்யக்கூடியது, அறைக்குள் பயப்படும்படி எதுவும் இருக்கிறதா என்று நேராகக் கேட்டு, அதை எடுத்து வைத்துக்கொள்ளப் பக்கத்தில் ஓர் ஆளைச் சொல்வது. அன்று இரவு அந்த அக்கா, அவனைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, அறைச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஆனால் ஒரு ராத்திரியைத் தாண்டுவது பாதி வேலை. மீதிப் பாதிதான் தூரத்தில் இருப்பவருடையது என்று எனக்குப் புரிய வைத்தது சென்னையும் சேர்ந்து பங்கெடுத்த ஓர் ஆய்வு.

உலக சுகாதார நிறுவனம் நடத்திய அந்த ஆய்வு 2008-ல் வெளியானது. சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் என ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு கூடுதலாக, வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். அதன் பிறகு 18 மாதத்தில் ஒன்பது தடவை, போனிலோ நேரிலோ, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். முதல் மாதங்களில் அடுத்தடுத்து, பிறகு இடைவெளி விட்டு விட்டு. 18 மாத முடிவில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

ஒன்பது விசாரிப்பு. பெரிய மருந்தோ இயந்திரமோ இல்லை. கேட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள், நாம் அப்படி இல்லை, அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. நான் போன் செய்வதால் 2.2 என்பது 0.2 ஆகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும், நேரில் போகாமலே ஒருவரை உயிரோடு கட்டி வைத்திருக்கும் கயிறு ஒன்று உண்டு என்று இது காட்டுகிறது.

இதற்கும் முந்தைய கதை ஒன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வெளியேறி, மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்று மறுத்த 843 பேரை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியினருக்கு ஐந்து வருஷம் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். முதலில் மாதம் ஒன்று, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று, கடைசியில் மூன்று மாதத்துக்கு ஒன்று. நீங்கள் வந்துபோய்க் கொஞ்ச காலம் ஆகிறது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்கிற அளவில் இரண்டு மூன்று வரிகள். அறிவுரை கிடையாது, மாத்திரை போடுகிறீர்களா என்ற கேள்வி கிடையாது. கடிதம் பெற்றவர்களில் தற்கொலை குறைவாக இருந்தது. முதல் இரண்டு வருஷத்தில் அந்த வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் இதே அளவு பலன் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தின் தொனியில் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. அது எதையும் கேட்கவில்லை. பதில் போடாவிட்டாலும் அடுத்த கடிதம் வந்தது.

நாம் அனுப்பும் செய்திகளைப் பாருங்கள். "என்னடா ஆச்சு, ஏன் ரிப்ளை பண்ண மாட்டேங்குற?" "ப்ளூ டிக் வந்துருச்சு, பாத்துட்டுப் பேசாம இருக்க." அக்கறையில்தான் கேட்கிறோம். மனச்சோர்வில் கிடப்பவருக்கு அது இன்னொரு கடன். பல் தேய்க்கவே தெம்பில்லாத நாளில், பதில் போடாத செய்திகள் எல்லாம் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நான் இதைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆனது. இப்போது அவனுக்கு அனுப்புவது, அன்றைக்கு அல்சூர் ஏரிக்கரையில் பார்த்த ஒரு நாயின் படமோ, ஒரு நிமிஷக் குரல் செய்தியோ. கூடவே, "பதில் போடணும்னு இல்ல." இந்த வரியை எழுதிவிட்டு உண்மையாகவே பதிலை எதிர்பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

கேட்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்ற பயம். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. கேட்பதால் தற்கொலை எண்ணம் அதிகமாவதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014-லேயே எழுதியிருக்கிறார்கள். தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. "செத்துரலாம் போல இருக்கு" என்பது வெயிலுக்கும் சொல்வோம், பரீட்சைக்கும் சொல்வோம். அதனால் காதில் விழுந்தாலும் கடந்துபோய்விடுகிறோம். "எங்கயாவது கண்காணாம போயிரலாம்னு இருக்கு", "நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி" மாதிரி வார்த்தைகள் வரும்போதும், வாங்கிய கடனை எல்லாம் திடீரென்று அடைக்கும்போதும், வண்டியையோ போனையோ யாருக்காவது எடுத்துக் கொடுக்கும்போதும், நெடுநாள் அழுதவர் ஒரே நாளில் அமைதியாகிவிடும்போதும் கேட்கத்தான் வேண்டும்.

எப்படி? "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால், இல்லை என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். தப்பு என்ற சொல்லே வாயை அடைத்துவிடுகிறது. "சாகணும்னு தோணுதாடா?" என்று கேட்க வேண்டும், குரலை ஏற்றாமல், அவசரப்படாமல். ஆமாம் என்று வந்தால், "எப்பலேர்ந்து?", "எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?", "இப்ப தனியாவா இருக்க?" வழி, இடம், நேரம் மூன்றும் தெளிவாக இருந்தால், ஆபத்து மிகப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது போனை வைக்காமல், இன்னொரு போனில் அங்கே ஆளை அனுப்ப வேண்டும்.

"தைரியமா இரு", "உன்னவிடக் கஷ்டப்படுறவன் எவ்வளவு பேரு", "அம்மாவ நெனச்சுப் பாரு". இவற்றை நானும் சொல்லியிருக்கிறேன். கடைசி வாக்கியம்தான் மிக மோசம். அம்மாவை அவன் நினைக்காமல் இல்லை. நினைத்து நினைத்துத்தான், தான் ஒரு சுமை என்ற முடிவுக்கு வந்திருக்கிறான். போனில் ஒன்றும் பேசாமல் இருபது நிமிஷம் இருந்தாலும் பரவாயில்லை. மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அதே மாதிரி, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்பதற்குத் தலையாட்டக் கூடாது. "உன் உயிருக்கு ஆபத்துன்னா ஒருத்தர்கிட்டயாவது சொல்வேன், யார்கிட்ட சொல்லலாம்னு நீயே சொல்லு" என்றால், பெரும்பாலும் ஒரு பெயர் வரும். அந்தப் பெயர் வீட்டாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிரச்சினையே வீட்டில்தான் இருக்கிறது என்றால், வீட்டாருக்குச் சொல்வது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாக முடியும்.

ஆளை அனுப்புவதில் தூரத்தில் இருப்பவருக்கு ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. 108, 112 மாதிரியான எண்கள் நாம் நிற்கும் இடத்துக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். பெங்களூரிலிருந்து 108 அடித்தால் எடுப்பவர் கர்நாடகத்துக்காரர். சென்னையிலிருந்து அடித்தால் தமிழ்நாட்டின் கட்டுப்பாட்டு அறை, அங்கிருந்து எந்த மாவட்டத்துக்கும் ஆம்புலன்ஸ் அனுப்ப முடியும். நாலு மாநிலத்துக்கு அப்பால் இருந்தால், அந்த ஊரிலோ அந்த மாநிலத்திலோ இருக்கும் ஒருவரை எழுப்பி அவரை அடிக்கச் சொல்வதுதான் வேகமான வழி. வெளிநாட்டிலிருந்து இந்தச் சுருக்க எண்களை அடித்தால் இந்தியாவுக்குப் போகாது. நண்பர் இருக்கும் பகுதிக் காவல் நிலையத்தின் முழு எண்ணை, ஊர்க் குறியீட்டோடு, முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

உடனடி ஆபத்து இல்லாத நேரத்தில் பேச, மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். நண்பருக்காக நீங்களே கூப்பிட்டு, என்ன செய்வது என்று கேட்கலாம். நான் முதலில் கூப்பிட்டது அப்படித்தான். தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை கிடைக்கும். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது. நண்பர் வேறு நாட்டில் இருந்தால் அந்த நாட்டு எண்ணை அவரிடம் கொடுங்கள்: இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, ஆஸ்திரேலியாவில் 13 11 14.

மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னால் அடுத்த வார்த்தை "போலீஸ் கேஸ் ஆயிருமே" என்பதுதான். அன்று இரவு பெரியப்பாவும் அதைத்தான் கேட்டார். இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவருக்கு ஒரு வருஷம் வரை சிறை என்றது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு அதை முடக்கியது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை என்று எழுதினார்கள். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 அந்த வடிவில் இல்லை. அரசு ஊழியரைத் தன் கடமையைச் செய்ய வற்புறுத்தவோ செய்யவிடாமல் தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வதை மட்டும் தனிக் குற்றமாக வைத்திருக்கிறார்கள். காவல் துறைக்குத் தகவல் போகும் நடைமுறை மருத்துவமனைகளில் தொடரலாம், ஆனால் அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. சிங்கப்பூர் 2020-லும் மலேசியா 2023-லும் இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. இன்னும் குற்றமாக வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. அங்கே வேலைக்குப் போயிருக்கும் நண்பர் என்றால், அறைத்தோழர்களைப் பிடிப்பதும் இந்தியத் தூதரகத்தின் உதவியைக் கேட்பதும் முதல் வேலை.

அதே 2017 சட்டத்தில் நண்பர்களுக்கான ஒரு கதவும் இருக்கிறது. பதினெட்டு வயது தாண்டிய எவரும், ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தனக்கு ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம். ரத்த உறவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவர் பொதுவாக நோயாளியைப் பற்றி நண்பனிடம் பேசமாட்டார், ரகசியம் காப்பது அவர் கடமை. அந்தத் தாள் இருந்தால் சிகிச்சை பற்றிய விவரம் கேட்கவும் முடிவுகளில் துணை நிற்கவும் நண்பனுக்கு இடம் கிடைக்கிறது. நன்றாக இருக்கும் காலத்தில் எழுதி வைக்க வேண்டிய தாள் அது.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களும் மாதங்களும் மிகவும் ஆபத்தானவை என்று மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் போன்கள் நின்றுபோகின்றன. முதல் வாரம் எல்லோரும் கூப்பிடுவார்கள், மூன்றாவது வாரம் யாரும் இருக்க மாட்டார்கள். மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும். "பத்து நாளா போடுறேன், ஒண்ணும் ஆகல, நிறுத்திட்டேன்" என்பதை நானும் கேட்டேன். நிறுத்துவதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய் என்று சொல்லி, அவன் டாக்டரிடம் கேட்க வேண்டியதை இரண்டு பேருமாகச் சேர்ந்து போனில் எழுதினோம். மூன்று கேள்வி. அவன் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு திருப்பூர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு வரிசையில் நின்றான், நான் இங்கே ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து, டோக்கன் நம்பர் எவ்வளவு ஓடுகிறது என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தாங்குபவரும் மனுஷர்தான். முதல் இரண்டு மாதம் நான் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து அவன் 'லாஸ்ட் சீன்' பார்த்தேன். 2.10 என்று இருந்தால் தூங்கவில்லையே என்று பயம், 9 மணி என்று இருந்தால் வேறு பயம். தனி ஆளால் அது முடியாது. நாங்கள் மூன்று பேர் பிரித்துக்கொண்டோம். திங்கள், வியாழன் நான். செவ்வாய், சனி மதுரையில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி. மற்ற நாள்கள் அவன் அண்ணன். அவனுக்குத் தெரிந்தே செய்தோம். மறைத்துச் செய்திருந்தால் அது வேவு பார்ப்பதாக ஆகியிருக்கும்.

போன பொங்கலுக்குத் திருப்பூர் போனேன். காம்பவுண்டு அக்கா வாசலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய நம்பர் இப்போது என் போனில் இருக்கிறது, ஓனர், அண்ணன், அவன் கம்பெனி சூப்பர்வைசர் நம்பர்களும். சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்தவன், பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் பக்கம் வந்து, "உன் பெங்களூர் வீட்டு ஓனர் நம்பரு என்னடா?" என்று கேட்டு, சொல்லச் சொல்ல என் பெயருக்குக் கீழேயே சேமித்துக்கொண்டான்.